குரோமியம்-6ஐ தனியா அளந்து சொல்லுங்க: ராணிப்பேட்டை தண்ணிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். சிப்காட் தொழிற்பேட்டையில மூடிக் கெடக்குற, குரோமிய ரசாயனம் தயாரிச்ச குரோமேட் கம்பெனி பத்தி உங்களுக்கு நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. 1995ல மூடுனது, 1.5 லட்சம் டன்னுக்கு மேல கழிவை அப்படியே விட்டுட்டுப் போனது, 2006ல உலகத்துலயே மோசமா மாசுபட்ட பத்து இடங்கள்ல ஒண்ணுன்னு ராணிப்பேட்டை பேரு வந்தது, எல்லாமே உங்க ஃபைல்ல இருக்கும். நான் இப்ப எழுதுறது எங்க பக்கத்துல எடுத்த தண்ணி சாம்பிளையும் அதுக்கு வந்த ரிப்போர்ட்டையும் பத்தி.

எந்த ஆபீஸ்லேர்ந்து வந்து எடுத்தாங்கன்னு இங்க எழுதல, யாரையும் மாட்டி விடணும்னு எனக்கு ஆசை இல்ல. மழை முடிஞ்சு எங்க அத்தை கெணத்துல தண்ணி மஞ்சளா ஊறி நின்னுச்சு, அதைப் பாக்கத்தான் கூப்பிட்டோம். வந்தவங்க அந்தக் கெணத்துல எடுக்காம கொஞ்சம் தள்ளி இருக்குற போர்ல ஒரு பழைய தண்ணி பாட்டில்ல பாதி புடிச்சாங்க, அதை வெயில்ல நின்ன வண்டியில பின்னாடி போட்டுட்டு இன்னும் ரெண்டு ஊருக்குப் போனாங்க, அது எப்போ லேபுக்குப் போச்சுன்னு ரிப்போர்ட்ல தேதியே இல்ல. ரிப்போர்ட்ல குரோமியத்துக்கு இருந்தது ஒரே வரி, "வரம்புக்குள் உள்ளது". அதுல விஷமான வகையான குரோமியம்-6 எவ்வளவுன்னு தனியா ஒரு வார்த்தை கூட இல்ல.

இது ஏன் பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியும், ஆனா இதைப் படிக்கிற ஊர்க்காரங்களுக்கும் தெரியணும்னு கொஞ்சம் விரிவா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. குரோமியம் எல்லாம் ஒண்ணு கிடையாது. தோல் பதனிடுறதுக்குப் போடுற உப்புல இருக்குறது குரோமியம்-3, அது பெரும்பாலும் மண்ணுலயே ஒட்டிக்கிட்டு நகராம கெடக்கும். கம்பெனியில தாதுவை சோடா போட்டு சூளையில வறுத்து எடுத்தப்ப உண்டானது குரோமியம்-6, கழிவுல மிச்சம் நின்னதும் அதுதான். அது மைனஸ் சார்ஜ், மண் துகளும் பெரும்பாலும் மைனஸ் சார்ஜ், அதனால மண்ணு அதைப் புடிச்சு வைக்காது, மழைத்தண்ணியில கரைஞ்சு தண்ணி போற வழியெல்லாம் கூடவே போகும். நம்ம பக்கம் அடியில கருங்கல் பாறை, தண்ணி அந்தப் பாறையோட வெடிப்புக்குள்ளதான் ஓடுது. வெடிப்பு எந்தப் பக்கம் போகுதோ விஷமும் அந்தப் பக்கம் போகும், அதனாலதான் ஒரு கெணறு மஞ்சளா இருக்கும், பக்கத்துக் கொல்லை போர் தெளிவா இருக்கும். ஊருக்கு ஒரு சாம்பிள் எடுத்துட்டு ஊரே நல்லா இருக்குன்னு எப்படிங்க எழுத முடியும்?

அது போற எடத்துலயும் ஒரே மாதிரி இருக்குறதில்ல. சாணி, எரு, இலைதழை மக்குற எடத்துலயும், சில வகை இரும்பு இருக்குற எடத்துலயும் குரோமியம்-6 குரோமியம்-3ஆ மாறும். அதே மண்ணுல மாங்கனீஸ் ஆக்சைடு இருந்தா 3 திரும்ப 6 ஆகவும் வாய்ப்பு இருக்கு. வெயில் காலத்துல ஈரம் மேல ஏறிக் காஞ்சு தரையில மஞ்சள் உப்பா பூக்கும், காத்து அடிச்சா அது தூசியா மூக்குக்குள்ள போகும், அடுத்த மழையில திரும்ப கரைஞ்சு கீழ எறங்கும். அதனால மே மாசம் எடுத்த ரிசல்ட்டை வச்சு டிசம்பர் தண்ணியைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது.

இந்த மாற்றம் பாட்டிலுக்குள்ளயும் நடக்கும். குரோமியம்-6 பாக்கணும்னா சுத்தமான பாட்டில்ல எடுத்து, உடனே வடிகட்டி, ஐஸ்ல வச்சு, ஒரு நாளைக்குள்ள டெஸ்ட் பண்ணணும், அதுக்கு மேல வைக்கணும்னா அதுக்குன்னு உள்ள மருந்து சேத்து பக்குவமா வைக்கணும். மொத்த குரோமியம் பாக்க ஆசிட் சேத்த பாட்டில் வேற, இதுக்கு வேற பாட்டில். அழுக்கு பாட்டில்ல வெயில்ல வேக விட்டா 6 வந்து 3 ஆகி பாட்டில் செவுத்துலயே ஒட்டிக்கலாம். அதுக்கப்புறம் கெடைக்கிற நம்பர் எங்க தண்ணியோட நம்பர் கிடையாதுங்க.

எங்க அத்தை வீட்டுல குடிக்க, சமைக்க கேன் தண்ணி வாங்குறாங்க, கூலி வேலைக்குப் போற வீட்டுல அதுவே பெரிய செலவு. ஆனா ரெண்டு கறவை மாடு இருக்கு. ஒரு மாடு வெயில் நாள்ல குடிக்கிற தண்ணிக்கு கேன் வாங்க எந்த வீட்டால முடியும்? அதுங்களுக்கு அந்தக் கெணத்துத் தண்ணிதான், தொட்டியில ஊத்துறதும் அதுதான், தீவனப் புல்லுக்குப் பாயுறதும் அதுதான். அத்தை வாளியை எறக்குறப்போ எல்லாம் தண்ணியோட நெறத்தைத்தான் மொதல்ல பாக்குறாங்க, மஞ்சள் கம்மியா இருந்தா நிம்மதியா ஊத்துறாங்க. அந்த நிம்மதிக்கு அர்த்தமே இல்லன்னு நான் எப்படி அவங்ககிட்ட சொல்றது? குடிநீர்ல குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயத்துல வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், கண்ணுக்கு மஞ்சள் தெரியுற அளவுக்கு வர்றதுக்கு முன்னாடியே அது தாண்டியிருக்கும். காய்ச்சினாலும் போகாது, தண்ணி வத்துறதால இன்னும் செறிவாத்தான் ஆகும். பால் சொசைட்டியில ஊத்துறப்போ "உங்க ஊர் பாலா?"ன்னு ஒருத்தர் கேட்டாராம், அன்னிக்கு பூரா அத்தை சாப்பிடல. தப்பு பண்ணது யாரு, தலை குனியுறது யாரு?

மன்னிக்கணும், கொஞ்சம் கோவம் வருது. 1996ல சுப்ரீம் கோர்ட் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்குல மாசு பண்ணவன்தான் காசு கட்டணும்னு தீர்ப்பு சொன்னப்போ இந்தியா முழுக்க பேசுனாங்க, சட்டக் கல்லூரியில இன்னிக்கும் பாடமா நடத்துறாங்க. தோல் கழிவு பாலாத்துல கலக்குற அதே பிரச்சனைக்கு 2025 ஜனவரியில திரும்ப சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட வேண்டி வந்துச்சு. நடுவுல 2015 ஜனவரி 31, ராணிப்பேட்டையில தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தோட கழிவுத் தொட்டி ஒடைஞ்சு, தூங்கிட்டு இருந்த 10 தொழிலாளிங்க அந்த சேத்துலயே செத்துப் போனாங்க. தோலு ஏற்றுமதி ஆகுது, கம்பெனி வச்சவங்க போயிட்டாங்க, கழிவு மட்டும் எங்ககிட்ட நின்னுடுச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு கமிட்டி வருது, ஆய்வு நடக்குது, எங்களுக்கு ஒரு காகிதம் கூட தமிழ்ல வந்து சேரல.

கழிவை மொத்தமா அகத்துறது பெரிய வேலை, பணமும் நாளும் ஆகும், புரியுது. அதையும் நாங்க விட மாட்டோம். குரோமியம்-6ஐ குரோமியம்-3ஆ மாத்தி நகர விடாம பண்ற வழி ஒலகத்துல இருக்கு, ஃபெரஸ் சல்ஃபேட்ங்கற இரும்பு உப்பைப் போட்டுப் பண்றாங்க, கலிஃபோர்னியாவுல ஹிங்க்லிங்கற ஊர்ல பூமிக்குள்ள எத்தனால் செலுத்திப் பண்ணாங்க. ஆனா எங்க எவ்வளவு இருக்குன்னு தெரியாம எதைப் போட்டு எங்க மாத்துவீங்க?

அதனால நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, திரும்பத் திரும்ப அதையே கேக்குறேன். குரோமியம்-6ஐ தனியா அளங்க. காரை, புளியங்கண்ணு மாதிரி சுத்தி இருக்குற ஊர்கள்ல கெணறு கெணறா, போர் போரா, மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழைக்குப் பின்னாடி ஒரு தடவை அளங்க. சாம்பிள் எடுத்த நேரம், லேபுக்கு போன நேரம் ரெண்டையும் ரிப்போர்ட்ல போடுங்க. "வரம்புக்குள்"னு எழுதாம நம்பரை எழுதுங்க, அதைத் தமிழ்ல பஞ்சாயத்து போர்டு செவுத்துல ஒட்டுங்க. எந்தக் கெணறு ஆகாதோ அந்த வீட்டுக்கு மாட்டுக்கும் சேத்து லாரியில தண்ணி குடுங்க.

வடகிழக்கு பருவமழை தொடங்குறதுக்குள்ள மொத ரவுண்டை முடிச்சிடுங்கன்னு பணிவோட கேட்டுக்குறேன். வர்ற தேதியை முன்னாடியே சொன்னீங்கன்னா கெணத்துக்காரங்க எல்லாரையும் வேலைக்குப் போகாம வீட்டுல இருக்கச் சொல்றேன், ஐஸ் பெட்டி வேணும்னா அதுக்கும் நாங்களே ஏற்பாடு பண்றோம்.

இப்படிக்கு,
காரை பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி