அந்த மாத்திரையை நிறுத்தாதே, தம்பி

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. நானும் அப்பச்சியும் சுகம். போனில் இந்த மாத்திரைப் பேச்சை எடுத்தாலே "ரூமில் ஆள் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

ஊசி போதைப் பழக்கத்துக்கு டாக்டர் கொடுத்த, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை நிறுத்தப் போவதாக ஆச்சியிடம் சொன்னாயாமே. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா" என்று யாரோ கேட்டார்களாம். கேட்டவர் ஒரு ராத்திரிகூட உன் கட்டிலோரம் உட்கார்ந்தவர் இல்லை. புப்ரினார்பின் என்கிற அந்த மாத்திரையைக் கொடுப்பது போதைக்காக இல்லை. உடம்பு முறுக்கி, மூக்கு ஒழுகி, வயிறு பிசைந்து, கை தானாக ஊசியைத் தேடுமே, அந்த நேரம் வராமல் இருக்கத்தான். அப்பச்சி பிரஷருக்கு வருசக்கணக்காக மாத்திரை போடுகிறார், அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குறைக்கவேண்டும் என்றால் டாக்டர் சொல்லட்டும்.

நீ காய்ச்சலில் பிதற்றிக் கிடந்தபோது, டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் இதயத்தை வரைந்து காட்டினார். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று ஒரு கிருமி. பலர் தோலிலும் மூக்கிலும் சும்மா கிடப்பதாம். ஊசியோடு நரம்பில் இறங்கிவிட்டால் இரத்தத்தோடு இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கே மூவிதழ் வால்வு என்கிற கதவில் ஒட்டிக் கொத்தாக வளர்கிறது. அதில் துணுக்குகள் பிய்ந்து நுரையீரலில் போய் அடைக்கின்றன. உனக்கு இருமலும் நெஞ்சுக்குத்தலும் வந்தது அப்படித்தான். முதலில் காட்டிய இடத்தில் டிபி என்று நினைத்துச் சளியைத்தான் பரிசோதித்தார்கள். அப்புறம் முழங்கைத் தழும்பைப் பார்த்ததும் ஒருவர் முகம் சுளித்தாரே, அதை நான் மறக்கவில்லை. அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான் எத்தனையோ பிள்ளைகள் காய்ச்சலோடு அறைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள்.

வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றியவர்கள் பிடிபட்டார்கள் என்று இப்போதெல்லாம் பேப்பரில் அடிக்கடி வருகிறது. எத்தனை பேர் கைது, எத்தனை மாத்திரை பறிமுதல், அதோடு செய்தி முடிந்துவிடுகிறது. வாயில் விழுங்கச் செய்த மாத்திரையில் கரையாத தூளும் இருக்கிறது, அது நரம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று ஒருவரும் எழுதுவதில்லை. இது போலீஸ் மட்டும் பார்க்கிற காரியமா? வால்வுக்கு மருந்து கொடுத்து, பழக்கத்துக்கு ஒன்றும் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் பிள்ளை மறுபடி அதே வார்டுக்குத்தான் வருவான். உனக்கு இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்தார்கள், அதனால்தான் நீ எனக்குக் கிடைத்தாய்.

ஒரு தடவை இந்தக் கிருமி வந்த இதயத்துக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகமாம். குளிர் காய்ச்சல் வந்தால் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுவிடாதே. மருந்து உள்ளே போய்விட்டால் இரத்தப் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகலாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், வால்வில் முன்னே வந்தது என்று சொல்லி, இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற பிளட் கல்ச்சர் எடுக்கச் சொல். பல் பிடுங்கப் போனாலும் டாக்டரிடம் இதை முதலில் சொல், முன்கூட்டியே மருந்து தருவார்.

இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். என்றாவது மனசு வழுக்கிவிட்டால் அடுத்தவன் ஊசியைத் தொடாதே. புது ஊசி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்த தோல். தனியாக இருக்காதே. எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு, நான் திட்டமாட்டேன்.

உன்னோடு இருந்த அந்தப் பையன் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து சிகிச்சைக்கே போகவில்லை என்றாயே. தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் முழுசாகச் சிகிச்சை எடுத்தால், சொந்தப் பழக்கத்துக்கும் கொஞ்ச அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. 1985 போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிடச் சொல், காசில்லை. ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் சி இரண்டுக்கும் அவனைப் பரிசோதிக்கச் சொல்.

சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு வா. யாராவது கேட்டால் இதயத்தில் கிருமி வந்து சரியாயிற்று என்று நானே சொல்லிக்கொள்கிறேன், பொய் இல்லையே. அடுத்த இதய ஸ்கேன், அந்த எக்கோ எடுத்ததும் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து ஆச்சிக்கு வாட்ஸப்பில் அனுப்பு.

உன் ஆத்தா