மூத்த பரதநாட்டிய வகுப்புப் பெற்றோருக்கு: சனிக்கிழமை அரை மணி நேரம் பற்றி

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வருட இறுதி நிகழ்ச்சியில் இம்முறை நடன உருப்படிகள் ஏன் குறைவு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமை வகுப்பின் கடைசி அரை மணி நேரம்தான் காரணம். அந்த நேரத்தில் ஆசிரியர் எதையும் ஆடிக் காட்ட மாட்டார். தாளம் தட்டும் தட்டுக்கழி ஓரமாகக் கிடக்கும். பிள்ளைகளே யோசித்து ஆட வேண்டும். மற்றபடி முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியிலோ, அடிப்படை அசைவுகளான அடவுகளை மூன்று வேகத்தில் செய்வதிலோ எந்தச் சலுகையும் இல்லை.

இதை முக்கியமாக நன்றாக ஆடுகிற பிள்ளைகளுக்காகவே தொடங்கினோம். ஒரு தடவை பார்த்ததும் பிடித்துக்கொள்கிற பிள்ளைக்குச் சொந்தமாக யோசிக்க அவசியமே வருவதில்லை. ஆசிரியரின் கழுத்துச் சாய்வுகூட அப்படியே வந்துவிடும், நாமும் கைதட்டிவிடுகிறோம். போன பருவத்தில், "யாருக்காகவோ காத்திருக்கிறாய், பாட்டு கிடையாது, செய்து காட்டு" என்றதும் முதல் வரிசைதான் முழித்தது. எல்லோரும் புருவத்துக்கு மேல் கைவைத்துத் தூரத்தைப் பார்த்தார்கள். நீண்ட உருப்படியான வர்ணத்தில் நாங்கள் கற்றுக்கொடுத்த அதே கை!

பின்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து பூத்தொடுக்க ஆரம்பித்தாள். பாதியில் விரல்கள் நின்றன. கண் பூவிலேயே இருக்க, கழுத்து கொஞ்சமாக வாசல் பக்கம் சாய்ந்தது. அப்புறம் விரல்கள் மறுபடி நகர்ந்தன, முன்னைவிட வேகமாக. என்ன கேட்டது என்றோம். "அப்பா வந்தால் கேட் மோட்டார் சத்தம் கேட்கும், டீச்சர். பக்கத்து வீட்டு கேட்டும் அதே சத்தம்தான்" என்றாள். நாங்கள் கற்றுக்கொடுக்கும் பதத்தில், அதாவது அபிநயப் பாட்டில், முருகனுக்காகக் காத்திருக்கும் நாயகி வீட்டில் கேட் மோட்டார் இருக்காது, சரி. ஆனாலும் அந்தக் கழுத்துச் சாய்வை அதில் அப்படியே சேர்த்திருக்கிறோம்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. வர்ணத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவதே, ஆடுபவர் ஒவ்வொரு முறையும் அதை வேறு விதமாக விரித்துச் சொல்லட்டும் என்பதற்காகத்தான். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி (1918–1984) அம்மையாரின் பெருமையே மேடையில் அந்த நொடியில் பிறந்த மனோதர்மம், அதாவது சொந்தக் கற்பனை. ஒரு வரியை இப்படி விரித்துச் சொல்லும் சஞ்சாரியைக்கூட முழுதாகக் கட்டிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைப்பது நம் காலத்து அவசரம்.

தாளச் சொற்கோவையான ஜதியிலும் இப்படித்தான். எட்டுத் தட்டு கொண்ட ஆதி தாளம், தட்டுக்கு நான்கு மாத்திரை வரும் சதுஸ்ர நடை, ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 32 மாத்திரை. முடிவில் ஐந்து மாத்திரைச் சொல்லான "ததிங்கிணதொம்" மூன்று முறை வந்தால் 15 போய்விடும், மீதி 17ஐ நீயே நிரப்பு என்கிறோம். ஒரு பையன் பள்ளிக்கூடத்தில் கற்ற கம்பூட் நடனத்தின் தாளத்தைக் கொண்டுவந்தான். சுரங்கத் தொழிலாளர்கள் பூட்ஸைத் தட்டி ஆடியது அது. பூட்ஸ் தட்டலை விட்டுவிட்டோம், கணக்கு ஜோராக உட்கார்ந்தது.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். பிள்ளை வீட்டில் எதையாவது அரைகுறையாக ஆடிப் பார்த்தால், யூடியூபில் 'சரியான' வடிவத்தைத் தேடிக் காட்டாதீர்கள். அதை வீடியோ எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸிலும் போட வேண்டாம். ஆள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளை மறுபடி பழைய கைக்கே போய்விடும். நம் பிள்ளைகளில் பலருக்குப் பாட்டின் தமிழ் புரிவதில்லை. பாட்டி, தாத்தா இருக்கும் வீடுகளில் பத வரிகளின் பொருளைப் பேச்சுவாக்கில் சொல்லச் சொல்லுங்கள். வரிகளை அச்சடித்துக் கொடுத்தனுப்புகிறோம்.

அரங்கேற்றம் தள்ளிப்போகுமா என்றால், சிலருக்குத் தள்ளிப்போகும். ஹாலுக்கு முன்பணம் கட்டும் முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை அந்த அரை மணி நேரத்தை நீங்களும் வந்து பார்க்கலாம். பின்பக்கம் நாற்காலி போட்டிருப்போம். ஃபோனை மட்டும் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்