பால் பொங்கிச்சா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பால் பொங்கிச்சா என்று போனில் கேட்டேன். குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவே "பொங்கிச்சு, பொங்கிச்சு" என்றாய். குக்கரில் எங்கே பொங்கும் என்று அப்பா சிரித்தார். அவருக்கென்ன, புனேயில் நாலாவது மாடியில் பனையோலையா எரிக்க முடியும்? அன்றைக்கு உன்னிடம் சரியாகப் பேச முடியவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தது. யார் என்று சொன்னால் நம்ப மாட்டாய். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மாமா பொங்கல் படி, அதுதான் தாய்வீட்டுச் சீர், கொண்டுவருவது உனக்குத் தெரியும். என் கல்யாணம் முடிந்து இத்தனை வருஷத்தில் ஒரு பொங்கலுக்கும் அது நின்றதில்லை. தாத்தா இருந்தவரை தாத்தா, அப்புறம் மாமா. பச்சரிசி, மண்டை வெல்லம், இரண்டு கரும்பு, மஞ்சள் குலை, ஒரு சீப்புப் பழம், காய்கறி. தாய்வீட்டுப் பாகம் பேசப் போய் வார்த்தை தடித்ததற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. பேச்சை மட்டும்தான் நிறுத்தினார். போகிக்கு முந்தின நாள் பைக் சத்தம் கேட்கும், நான் எழுந்து வருவதற்குள் திண்ணையில் பை இருக்கும், ஆள் இருக்காது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவர் வீட்டுக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீர் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. ஆற்றோரத்து வாழையெல்லாம் சாய்ந்து கிடந்தது. அந்தப் பொங்கலுக்கும் இரண்டு கிலோ அரிசியும் எங்கிருந்தோ தேடிப்பிடித்த ஒரு மஞ்சள் குலையும் திண்ணையில் இருந்தன. அதைப் பார்த்து நான் அழுதது அப்பாவுக்குத் தெரியாது.

இந்த வருஷம் அவர் வந்த நேரத்தில் நான் திண்ணையிலேயே இருந்தேன், சிறுகிழங்கோடு. மூன்று கிலோ. உன் அப்பா சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டார், உரிக்கிறவள் நான் அல்லவா! ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு. கத்தியால் சீவினால் தோலோடு பாதிக் கிழங்கு போய்விடும் என்று சாக்கில் போட்டுத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் வலியில் அழுத்தம் கொடுக்க முடியவில்லை. மாமா வந்தார், பையை வைத்தார், திரும்பினார். வண்டியைக் கிளப்பவும் செய்தார். பிறகு அணைத்துவிட்டு, "சாக்கை நனைக்காம தேய்ச்சா எப்படித் தோல் போகும்?" என்றார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான், பாப்பா.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். சாக்கை நனைத்து, வாயை முறுக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்தார். சொம்புத் தண்ணீரை விட்டு அலசினால் மண்ணும் தோலுமாகக் கறுப்பாக ஓடியது, உள்ளே கிழங்கு வெள்ளை வெளேரென்று. ஒட்டியிருந்ததை மட்டும் நகத்தால் சுரண்டினோம். விரலெல்லாம் கறை. மூன்று கிலோவும் முடிகிறவரைக்கும் கிழங்கைப் பற்றித்தான் பேச்சு. எந்தச் சந்தை, என்ன விலை, மண் கிழங்கா மணல் கிழங்கா. வீட்டுப் பாகத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. காப்பி குடித்துவிட்டு, "பொங்கலன்னிக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் அறுவடைத் திருநாள் வாழ்த்து என்று செல்போனில் படம் அனுப்புகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் புது நெல் வந்திருக்கலாம். நம் ஸ்ரீவைகுண்டம் கால்வாய்ப் பாசனத்தில் பிசானப் பருவ நெல் இப்போதுதான் கதிர் வாங்கி நிற்கிறது, அரிவாள் வைக்க மாசி பங்குனி ஆகும். பானையில் போடுவது கடையில் வாங்கிய பச்சரிசிதான். நமக்கு இந்த நாளில் விளைந்து வருவது மண்ணுக்குள் இருப்பவை. மஞ்சள், சிறுகிழங்கு, சேனை, வள்ளிக்கிழங்கு, பனங்கிழங்கு. அதனால்தான் என் மாமியார் பொங்கல் சமையலில் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் வாசல்படி ஏறவிட மாட்டார். நானும் விடவில்லை.

பொங்கலன்று நாலரை மணிக்கே எதிர்வீட்டு டீச்சரம்மா வந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டு முந்திரிக்கொத்துக்கு நான் மாவு கிண்டிக் கொடுத்தேன், பொங்கலுக்கு அடுப்பு அவர்கள் பொறுப்பு. சுண்ணாம்பும் காவியும் அடித்த அடுப்புக் கட்டிகளை வாசலில் வைத்து, ஒரு பானை பால் பொங்கலுக்கு, ஒரு பானை சர்க்கரைப் பொங்கலுக்கு. பனையோலை விறகு மாதிரி நின்று எரியாது, ஒரு மூச்சில் எரிந்து போய்விடும். ஒருவர் உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். டீச்சரம்மா புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே தள்ளினார்கள். பால் பொங்கல் பானை கிழக்குப் பக்கம் வழிந்தது, குலவை போட்டோம். சர்க்கரைப் பொங்கல் பானை எந்தப் பக்கமும் வழியாமல் அடம்பிடித்தது. அரிசி கூடிப்போயிற்று என்றார் மாமா. ஆமாம், சொன்னபடி வந்துவிட்டார், அத்தையையும் கூட்டிக்கொண்டு. நீ போன் பண்ணியபோது பக்கத்தில் நின்றது அவர்தான். "பாப்பா எங்க பொங்கல் விட்டா?" என்று கேட்டார். குக்கரில் என்று சொல்ல வாய் வரவில்லை, வீட்டில்தான் என்றேன்.

மறுநாள் காலையிலும் இங்கேதான் சாப்பிட்டார்கள். மிஞ்சின சாம்பார், அவியல், பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிச் சுண்ட வைத்தேன். பழைய சோற்றுக்கு அந்தச் சுண்டக்கறியைத் தொட்டுக்கொண்டு மாமா மூன்று தடவை சோறு வாங்கினார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, அத்தை முறைத்தாள். பானையில் கட்டியிருந்த மஞ்சளை எடுத்துக் கீறி என் நெற்றியில் அவர்தான் வைத்தார். அந்தக் கை நடுங்குகிறது, பாப்பா. எப்போதிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, உன் படி விஷயம். போன வருஷம் தலைப்பொங்கல், வெண்கலப் பானையோடு ரயிலில் வந்தோம். இந்த வருஷம் அப்பா ஜிபேயில் பணம் போட்டுவிட்டுப் படி கொடுத்தாயிற்று என்கிறார். பணம் எப்படிப் படியாகும்? ஒரு கிலோ சிறுகிழங்கு, காய்ந்த மஞ்சள், டீச்சரம்மா விளையில் தோண்டிய பனங்கிழங்கு இருபது, மாமா கொண்டுவந்த வெல்லத்தில் பாதி, எல்லாம் கொரியரில் வருகிறது. பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துத்தான் கட்டியிருக்கிறேன், வந்ததும் முதலில் அதைத் தின்றுவிடுங்கள். மாப்பிள்ளைக்கு நார் உரிக்கத் தெரியாது, நீயே உரித்துக் கொடு.

உங்கள் மாடியில் சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொடுத்து, "இனிக்க இனிக்கப் பேசுங்கள்" என்று சொன்னார்களாமே. நல்ல வழக்கம். அவர்களுக்கும் இரண்டிரண்டு கிழங்கு கொடு. எப்படித் தின்பது என்று பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடு, இல்லையென்றால் குச்சி என்று நினைத்துக்கொள்வார்கள்.

மாமாவுக்கு ஒரு போன் போடு. வெல்லம் வந்தது என்று சொல், கிழங்கு எப்படி உரிப்பது என்று கேள். வீட்டுப் பேச்சு மட்டும் வேண்டாம், அதை நாங்கள் மெதுவாகப் பார்த்துக்கொள்கிறோம். கொரியர் வந்த உடனே சிறுகிழங்கைப் பிரித்துக் காற்றாடப் பரப்பு. போன தடவை ஒன்பது நாள் கழித்துக் கொடுத்தார்கள், பாதி முளைத்துப் போயிருந்தது. சாக்குத் துண்டு ஒன்றும் உள்ளே வைத்திருக்கிறேன். நனைத்துவிட்டுத் தேய்.

அன்புடன்,
அம்மா