பழைய கணினியைக் கழிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, அதாவது இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை, மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டதிலிருந்து, கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடிப் பகுதிகளின் சிறு அச்சகங்களுக்கும் டிடிபி மையங்களுக்கும் ‘இந்தக் கணினி இனி உதவாது, புதிது வாங்கிவிடுங்கள்’ என்ற அறிவுரை தாராளமாகக் கிடைத்து வருகிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இல்லை என்ற ஒரே குறைக்காக, நன்றாக ஓடுகிற கணினியைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, அதே கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் நிறுவி, இயக்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதை அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

விண்டோஸை அடியோடு அழித்துவிட்டு லினக்ஸுக்கு மாறச் சொல்லும் அன்பர்களும் உண்டு. அவர்கள் எங்கள் தொழிலின் உள்விவரம் அறியாதவர்கள். திருமண அழைப்பிதழ், கும்பாபிஷேகப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகள் எல்லாம் பாமினி, வானவில் போன்ற, தமக்கெனத் தனிக் குறியீட்டு முறை கொண்ட பழைய எழுத்துருக்களில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்தவை. 2001-இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோன அந்த மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. சென்ற ஆண்டுப் பத்திரிகையில் தேதியை மட்டும் மாற்றித் தரும்படி கோயில் நிர்வாகத்தார் கேட்டு வரும்போது, அதை இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் முதலிலிருந்து தட்டெழுதிக்கொண்டிருக்க முடியுமா? சில பழைய லேசர் அச்சுப்பொறிகளுக்கு லினக்ஸில் சரியான டிரைவர் (அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருள்) அமைவதில்லை என்பதும் உண்மை. ஆகவே பக்க வடிவமைப்பும் அச்சும் விண்டோஸில், இணையத் தொடர்பைத் துண்டித்த நிலையில் நடக்கட்டும். மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவைத் திறப்பது ஆகியவற்றை லினக்ஸில் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸைக் குறிவைத்துப் பென்டிரைவில் வரும் வைரஸ்கள் லினக்ஸில் பொதுவாக ஓடுவதில்லை. 4 ஜிபி நினைவகம் உள்ள கணினிக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பே போதுமானது.

நிறுவும் வேலையில் அவசரம் கூடாது. கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்த பிறகே தொடங்க வேண்டும். விண்டோஸ் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி இயங்கினால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு, விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நிறுத்திவிட வேண்டும். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. அந்நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியில் எழுத முற்படுவது கோப்புகளுக்கு ஆபத்து. லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் மூலமே ஒதுக்குவது நல்லது. பழைய கணினியில் விண்டோஸ் எந்த பூட் முறையில் (கணினி இயங்கத் தொடங்கும் முறை: பழைய பயாஸ் அல்லது புதிய யுஇஎஃப்ஐ) நிறுவப்பட்டதோ, லினக்ஸையும் அதே முறையில் நிறுவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ட்டிஷன் (வட்டுப் பகுதி) அளவு மாறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் பாழாகலாம். மேசைக் கணினிக்கு நல்ல யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. நம் பகுதி மின்விநியோகத்தை நம்பி இறங்குவோரின் துணிச்சல் எனக்கு இல்லை.

இன்னொன்று, பலரும் வைரஸ் என்று எண்ணி அஞ்சுவது. லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டக்கூடும். காலை பத்து மணிக்குப் போடும் ரசீதில் அதிகாலை நாலரை என்று விழும். கணினியின் உள்கடிகாரத்தில் லினக்ஸ் சர்வதேச நேரத்தையும் விண்டோஸ் இந்திய நேரத்தையும் வைப்பதே காரணம். லினக்ஸில் ஒரே கட்டளையால் இதைச் சரிசெய்துவிடலாம்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளிலேயே விண்டோஸுடன் இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. அவற்றைப் பழுதுபார்த்துப் பழகிய நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு இது புதிய வேலை அல்ல. புதுக் கணினியின் விலையைச் சொல்லும்போதே, இருக்கும் கணினியில் இரண்டு இயங்குதளங்களையும் அமைத்துத் தருவதற்கான கூலியையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
கும்பகோணம்.