பருப்புப் புரதம் உடம்பில் ஒட்டாதா?

ஆசிரியருக்கு வணக்கம். பருப்பு, பயறில் உள்ள புரதம் உடம்பில் ஒட்டாது என்று ஞாயிறு இணைப்பில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். முட்டைப் புரதம் சுமார் 97 சதவீதம் செரிக்கிறது, வேகவைத்த பருப்பில் ஏறக்குறைய 80 என்பது சரி, அதற்காக ஒட்டவே ஒட்டாது என்பதா? புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில், அரிசியில் குறைவான லைசின் உளுந்தில் தாராளம், உளுந்தில் போதாத மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது, போதாக்குறைக்கு மாவு புளிக்கும்போது செரிமானத்துக்கு இடைஞ்சலான பைட்டேட்டும் குறைகிறது; இட்லி சாப்பிடுகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டாமா? இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டும் என்றுகூட இல்லை, அன்றைக்குள் சேர்ந்தால் போதும். உண்மையான சிக்கல் அளவுதான். வேகாத துவரம்பருப்பு 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது, ஆனால் நம் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அடுத்த முறை அதை எழுதுங்கள்.