ஸ்கூட்டிகளுக்கு ஒரு தனி வழி போட்டுத் தாருங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். மெயின் கேட்டிலிருந்து பார்க்கிங் ஷெட் வரைக்கும் காலேஜ் பஸ்ஸும் எங்கள் ஸ்கூட்டிகளும் சேர்ந்தே போகிற அந்த ஒரே ரோட்டைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போன வருஷம் கொடுத்த மனுவும் இந்த ஜூலையில் கொடுத்த மனுவும் ஆபீசில்தான் இருக்கின்றன. ஆனால் போன செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பார்த்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

காலை எட்டரை மணி. கேன்டீன் வளைவில் காலேஜ் பஸ் ஒன்று இடது பக்கம் திரும்பியது. எனக்கு முன்னால் ஸ்கூட்டியில் போன முதலாமாண்டுப் பெண் சரியாக அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். நீள வண்டி திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அங்கே யாராவது இருந்தால் டிரைவருக்குக் கண்ணாடியில் தெரிவதும் கஷ்டம், அதனால் அந்த அண்ணன்மேல் நான் குறை சொல்ல மாட்டேன். அவள் ஒதுங்கினாள். ஒதுங்குவதற்கு இருந்ததெல்லாம் தார் முடிந்து ஒரு சாண் கீழே கிடக்கிற ஜல்லிதான். வண்டி சறுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். உள்ளங்கைத் தோல் வழன்று பொடிக்கல் உள்ளே ஏறியிருந்தது. ரெக்கார்ட் நோட்டு பஸ்ஸுக்கு அடியில் கிடந்தது. பின் சக்கரத்துக்கும் அவள் ஹெல்மெட்டுக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை. நான் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவிவிட்டபோது அவள் அழவில்லை. "அக்கா, மணி என்னாச்சு? எட்டே முக்காலுக்குள்ள போகலைன்னா அட்டெண்டன்ஸ் போயிடும்" என்றுதான் கேட்டாள்.

மறுநாள் சர்குலர் வந்தது, மாணவர்கள் கவனமாக ஓட்ட வேண்டும் என்று. சொன்னது தப்பில்லை. ஆனால் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் ஒதுங்க இடம் வேண்டுமே ஐயா. நானும் இரண்டு நண்பர்களும் சர்வே லேப் டேப்பை வாங்கிப்போய் அளந்தோம். தார் ரோட்டின் அகலம் 18 அடி. ஒரு பஸ் ஏறக்குறைய எட்டரை அடி. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற பஸ்ஸும் உள்ளே வருகிற பஸ்ஸும் எதிரெதிரே வந்தால் அதிலேயே 17 அடி போய்விடும். மீதி ஒரு அடி. ஸ்கூட்டி ஹேண்டில்பாரின் அகலமே இரண்டேகால் அடி.

அதனால்தான் தனி வழி கேட்கிறோம். புதிதாக இடம் வாங்க வேண்டியதில்லை. கிழக்கு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, பூட்டியே கிடக்கிற இரண்டாவது கேட்டிலிருந்து ஷெட்டின் பின்புறம் வரை தண்ணீர் லாரி போகிற மண் பாதை ஏற்கெனவே இருக்கிறது. அதில் 8 அடி அகலத்துக்கு பேவர் பிளாக் போட்டு, இரண்டு லைட் கம்பம் நட்டால் போதும். மலேசியாவில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகிற ஃபெடரல் நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனி வழி போட்டுவிட்டார்கள். பெரிய வண்டியையும் சின்ன வண்டியையும் பிரித்துவிடு என்ற அதே யோசனைதான் இதுவும்.

டூவீலரையே உள்ளே விடாமல் நிறுத்திவிடலாம், சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் சைக்கிளில்தானே போகிறார்கள் என்று ஒரு பேராசிரியர் வகுப்பில் சொன்னார். அங்கே மாணவர்கள் ஹாஸ்டலில் இருக்கிறார்கள், உள்ளே சுற்ற பஸ்ஸும் ஓடுகிறது. இங்கே என்னோடு படிக்கிற பலர் காலேஜ் பஸ் போகாத ஊர்களிலிருந்து வருகிறவர்கள். டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். என் அப்பா நகையை அடகு வைத்து எனக்கு வண்டி வாங்கித் தந்தார், இருட்டில் ஸ்டாப்பில் தனியாக நிற்க வேண்டாம் என்பதற்காக. பார்க்கிங் டோக்கனுக்கு ஒவ்வொரு செமஸ்டரும் பணம் கட்டுகிறோம். ஆடிட்டோரியம் வாசலுக்கு கிரானைட் போட இரண்டே மாதம்தான் ஆனது. எங்கள் உயிர் சம்பந்தப்பட்டது மட்டும் எப்போதும் கடைசியில் நிற்பது எங்களுக்கு வலிக்கிறது ஐயா.

சரி, மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். இப்போது கேட்பது அந்த வழி ஒன்றைத்தான். அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் ஜல்லி ஓரம் முழுக்கச் சேறாகிவிடும், அதற்குள் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். அது முடிகிற வரைக்கும் காலையில் எட்டே காலிலிருந்து ஒன்பது வரை இரண்டாவது கேட்டைத் திறந்துவிட்டால், மண் பாதையிலேயே மெதுவாகப் போய்க்கொள்கிறோம். காலிப் பஸ்கள் கால் மணி நேரம் உள்ளேயே நின்றுவிட்டுக் கிளம்பினாலும் பெரிய உதவியாக இருக்கும்.

அளவெல்லாம் போட்டு வரைந்த தாள் என்னிடம் இருக்கிறது. எப்போது கூப்பிட்டாலும் கொண்டுவந்து காட்டுகிறேன். தயவுசெய்து கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாமாண்டு சிவில் மாணவி