பத்தாராவில் இரண்டுக்கும் ஒரே டிக்கெட்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த துருக்கிக் கடற்கரைப் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, விசா, விமானம் பற்றிய தகவல்களும் உபயோகமானவை, அதிலெல்லாம் குறை இல்லை. ஆனால் இடிபாடுகளை முதல் நாளிலேயே முடித்துவிட்டு மீதி நாட்களைக் கடலுக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு யோசனை சொல்லியிருக்கிறார் பாருங்கள், இந்தக் கடிதம் அதற்காகத்தான். அந்தக் கரையில் கல்லையும் கடலையும் அப்படிப் பாகம் பிரிக்க முடியாது. அங்கே பல துறைமுக ஊர்களைத் தூர்த்து அழித்தது ஆறு கொண்டுவந்த மண், இன்று நாம் துண்டு விரித்துப் படுக்கிற கரைகளில் சிலவும் அதே மண்தான்.

எஃபெசஸையே எடுத்துக்கொள்வோம். தமிழ் பைபிள் வாசித்தவர்களுக்கு எபேசு. ரோமானியர் காலத்தில் பெரிய துறைமுகப் பட்டணம், இன்று கடல் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்விட்டது. பக்கத்து ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் காரணம். நீரோ காலத்தில் தூர்வாரினார்கள், பிறகு ரோமப் பேரரசர் ஹேட்ரியன் ஆற்றையே திருப்பிவிட்டுப் பார்த்தார், எதுவும் நிலைக்கவில்லை. அங்குள்ள பெரிய அரங்கத்தில் சுமார் 25,000 பேர் உட்காரலாம் என்று கணக்கு சொல்கிறார்கள். மூச்சு வாங்க மேல் வரிசை வரைக்கும் ஏறிப்போய் உட்கார்ந்து பாருங்கள், கீழே பளிங்குக்கல் பாவிய அகலமான தெரு ஒன்று நேர்கோடாகப் போகும். இருபுறமும் தூண்கள், ஒரு காலத்தில் இரவில் விளக்கு எரிந்த தெரு அது, கல்வெட்டே இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் அந்த வழியாகத்தான் ஊருக்குள் வருவார்கள். இப்போது தெரு போய் முடிகிற இடத்தில் புதரும் நாணலும்தான். எஃபெசஸில் பார்க்க வேண்டியது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஆனால் கைடுகள் எல்லாரையும் நேராக செல்சஸ் நூலகத்து முகப்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். அதுவும் அழகுதான், மறுக்கவில்லை, 1970களில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் விழுந்து கிடந்த துண்டுகளைப் பொருத்தி எழுப்பிய முகப்பு. அந்த நூலகத்துக்கு அடியிலேயே, அது யார் பெயரில் இருக்கிறதோ அந்த ரோம ஆளுநர் செல்சஸைப் புதைத்திருக்கிறார்கள் என்பது பாதிப் பேருக்குத் தெரியாமலேயே செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

நாங்கள் போனது ஒரு பேக்கேஜ் டூரில். பெயர் வேண்டாம், எல்லா டூர்காரர்களும் ஏறக்குறைய இப்படித்தான். உச்சி வெயிலில் எஃபெசஸில் இறக்கிவிட்டு, சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டி வெளியே கொண்டுவந்து, அப்புறம் ஒரு தோல் சட்டைக் கடையில் சாவகாசமாக உட்காரவைத்தார்கள். அங்கே எங்களுக்காக ஃபேஷன் ஷோ வேறு! பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில், வெள்ளித்தட்டான் தெமேத்திரியு கிளப்பிவிட்ட கூட்டம் இதே அரங்கத்தில் நின்று தங்கள் தேவியின் பெயரைச் சொல்லி இரண்டு மணி நேரம் கத்தியது என்று வரும். அவர்கள் கத்திய நேரம்கூட எங்களுக்குச் சுற்றிப்பார்க்கக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் 2024இல் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 40 யூரோ! அந்தத் தேவியின் கோயில், அதாவது உலக அதிசயம் ஏழில் ஒன்றான ஆர்ட்டெமிஸ் கோயில், பக்கத்திலேயே செல்சுக் ஊர் ஓரத்தில் இருக்கிறது. மிச்சமிருந்த துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒரே ஒரு தூண், அதன் உச்சியில் நாரைக் கூடு. பஸ் அங்கே நிற்கக்கூட இல்லை.

இன்னும் தெற்கே போனால் மிலேட்டஸ், கிரேக்கத் தத்துவஞானி தேல்ஸ் பிறந்த ஊர். அதன் எதிரே கடலில் லாடே என்று ஒரு தீவு இருந்தது, கி.மு. 494இல் பாரசீகர்களுக்கும் அயோனிய கிரேக்கர்களுக்கும் அங்கேதான் பெரிய கடற்போர். இன்று அது சமவெளியில் வயல்களுக்கு நடுவே ஒரு குன்று. கப்பற்படைகள் மோதிய இடத்தில் டிராக்டர் ஓடுகிறது.

சரி, பத்தாராவுக்கு வருகிறேன். கட்டுரையில் இந்தப் பெயரே இல்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். அந்தக் கரையில் அக்காலத்தில் இருந்த லிசியா நாட்டின் முக்கியத் துறைமுகம், பைபிளில் வரும் அப்போஸ்தலர் பவுல் கப்பல் மாறிய இடம், கிறிஸ்துமஸ் தாத்தாவாக மாறிப்போன புனித நிக்கோலஸ் பிறந்ததாகச் சொல்லப்படும் ஊர். லிசிய நகரங்கள் 23 சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன என்று பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார், பெரிய ஊருக்கு மூன்று ஓட்டு, நடுத்தர ஊருக்கு இரண்டு, சின்ன ஊருக்கு ஒன்று. அமெரிக்க அரசியல் சட்டத்துக்காக வாதாடியவர்கள்கூட இந்த ஏற்பாட்டை உதாரணம் காட்டினார்கள். அந்தப் பிரதிநிதிகள் கூடிய மண்டபம் பத்தாராவில்தான் இருக்கிறது, மணலுக்குள்ளிருந்து தோண்டியெடுத்துச் சீர்செய்து நிறுத்தியிருக்கிறார்கள். அரைவட்டப் படிகளில் பழைய கல் எது, புதிதாக வெட்டிவைத்த கல் எது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மறைத்து ஏமாற்றாமல் விட்டது எனக்குப் பிடித்திருந்தது, புதுக்கல் ரொம்ப வெள்ளை என்று திட்டுகிறவர்களும் உண்டு.

பழைய துறைமுகம் இப்போது சதுப்பு நிலம். அதைத் தாண்டி நடந்தால் மணல்மேடு, மேட்டில் ஏறினால் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்கரை, கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு ஹோட்டல் கிடையாது. பழைய நகரத்துக்கும் கடற்கரைக்கும் ஒரே வாசல், ஒரே டிக்கெட். காலையில் தொல்லியல், மத்தியானம் குளியல், இதைவிட என்ன வேண்டும்? ஹோட்டல் ஏன் இல்லை என்றால், இடிபாடு இருப்பதால் கட்டக்கூடாது, அதோடு அந்த மணலில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன, கோடையில் இரவு நேரத்தில் மனிதர்களுக்கு அங்கே அனுமதியே இல்லை. கல்லும் ஆமையும் சேர்ந்து காப்பாற்றிவைத்த கரை என்றுதான் சொல்ல வேண்டும். தங்குவதற்கு உள்ளே தள்ளி கெலெமிஷ் என்ற சின்னக் கிராமம், குடும்பங்கள் நடத்தும் விடுதிகள். சைவக்காரர்களுக்கும் பிரச்சினை இல்லை, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துச் சுடும் கோஸ்லெமே எங்கேயும் கிடைக்கும், கூட அயிரான், நம் மோரேதான், கொஞ்சம் கெட்டி.

கட்டுரையாளர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிற சிடே வேறு மாதிரி. அது பழைய நகரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஊர், 1890களில் கிரீட்டிலிருந்து வந்த முஸ்லிம் அகதிகள் இடிபாடுகளுக்கு நடுவில் வீடு கட்டிக் குடியேறினார்கள். கடல் ஓரத்து அப்பல்லோ கோயில் தூண்கள் அஸ்தமன நேரத்தில் அற்புதம் என்று அவர் எழுதியது வாஸ்தவம், அந்த நேரத்தில் நிற்க இடம் கிடைத்தால். சுற்றிலும் நீளத்துக்கு, எல்லாச் செலவும் ஒரே கட்டணத்தில் அடங்கிய ரிசார்ட்டுகள், கையில் பட்டை கட்டிவிடுவார்கள், மூன்று வேளைச் சாப்பாடும் உள்ளேயே, பிறகு யார் வெளியே வருவார்கள்? கொஞ்ச தூரத்தில் ஆஸ்பெண்டோஸ் அரங்கம், இரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம், மேடைச் சுவர் முழு உயரத்துக்கு நிற்கிறது, கோடையில் ஓபரா நடக்கிறது. எங்களோடு டூரில் வந்த ஒரு குடும்பம் அந்த ரிசார்ட் நீச்சல் குளத்தை விட்டு அசையவில்லை. நீச்சல் குளத்துக்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

போட்ரும் போகிறவர்கள் கோட்டையைப் பார்க்காமல் வராதீர்கள். அந்த ஊரைப் பழங்காலத்தில் ஆண்ட மௌசோலஸின் சமாதிக் கற்களையும் எடுத்து, சிலுவைப்போர்க் காலத்தில் தோன்றிய கிறிஸ்தவ வீரத்துறவிகள் கட்டிய கோட்டை, உள்ளே கடலடி அருங்காட்சியகம். 1982இல் காஷ் என்ற கடற்கரை ஊர்ப் பக்கத்தில் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர், காது வைத்த உலோக பிஸ்கெட் அடியில் கிடக்கிறது என்று வந்து சொன்னாராம். அது 3,300 ஆண்டுக்கு முந்தைய கப்பல் சரக்கு, பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், நீலக் கண்ணாடிக் கட்டிகள். எல்லாம் அங்கே இருக்கிறது.

ஆசிரியரிடம் இரண்டு வேண்டுகோள். ஜூலை, ஆகஸ்டில் போகச் சொல்லாதீர்கள், நிழலே இல்லாத பளிங்குத் தெருவில் அந்த வெயில் தாங்காது, அக்டோபரில்கூடக் கடல் குளிக்கிற சூட்டில்தான் இருக்கும், ஊருக்கு ஊர் டோல்முஷ் என்ற மினி பஸ்களும் ஓடும். அடுத்த பகுதியில் ஒரு வரைபடம் போடுங்கள், பழைய கரை எங்கே இருந்தது, இன்றைய கரை எங்கே என்று இரண்டு கோடு போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோயம்புத்தூர்